எலி சொன்ன கணக்கும் தோட்டத்தில் அடித்த மருந்தும்

தோட்டங்களில் மருந்து அடித்த பெண்கள் பலருக்குப் 'பாராகுவாட்' என்ற பெயர் தெரியாது. 'கிராமாக்சோன்' என்றால் உடனே தெரியும். பாராகுவாட் கலந்த அந்தக் களைக்கொல்லிக்கு மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் முழுத் தடை. ஆனால், உலகச் சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் பாராகுவாட் 'மிதமான ஆபத்து' என்ற இரண்டாம் பிரிவில்தான் உள்ளது. ஒரு மடக்கு உள்ளே போனாலே உயிரைப் பறிக்கக்கூடிய, மாற்று மருந்தே இல்லாத நஞ்சு எப்படி மிதமானது ஆனது?

விடை எலியில் இருக்கிறது. இந்தப் பிரிவுகள் பெரும்பாலும் எலிச் சோதனையை வைத்தே முடிவு செய்யப்படுகின்றன. ஒரே வேளையில் எவ்வளவு கொடுத்தால் பாதி எலிகள் சாகும் என்பதே கணக்கு. 1927இல் டிரெவன் என்ற ஆய்வாளர் கொண்டு வந்த முறை இது. பாராகுவாட்டுக்குக் கிடைத்த அளவு, எலியின் ஒரு கிலோ எடைக்குச் சுமார் 150 மில்லிகிராம். இன்றைய அட்டவணைப்படி 50க்கு மேல் 2,000 வரை இரண்டாம் பிரிவு.

எலி பொய் சொல்லவில்லை. அதனிடம் கேட்ட கேள்விதான் சிறியது. பாராகுவாட் நுரையீரலைத் தேடிப் போய்ச் சிதைப்பது விலங்குகளிடமும் காணப்பட்டதுதான். உடலில் சேர்ந்தால் பின்னாளில் கடும் பாதிப்பு வரும் என்று அதே பட்டியல் குறிப்பும் எழுதியிருக்கிறது. ஆனாலும் பிரிவு மாறவில்லை.

சோதனைக்கூடத்து எலிக்குக் கையில் முள் கீறிய காயம் இல்லை. ஒழுகும் பம்பை முதுகில் சுமந்து, வெயிலில் ஈர உடையோடு மாதக்கணக்கில் மருந்து அடிக்கும் வேலையும் இல்லை. தோட்டப் பெண்களின் நிலையை 2002இல் அரசு சாரா அமைப்பான தெனகனித்தா ஆய்வறிக்கையாக வெளியிட்டது. அதே ஆண்டில் பாராகுவாட்டை நிறுத்த அரசு முடிவெடுத்தது. 2006இல் அந்த முடிவு தளர்த்தப்பட்டது. சுவீடன் 1983லேயே தடை செய்துவிட்டது. 2007இல் ஐரோப்பிய நீதிமன்றத் தீர்ப்பால் ஐரோப்பிய ஒன்றியத்திலும் அதன் அனுமதி ரத்தானது. நமக்கோ 2020 வரை ஆனது.

இதனால் விலங்குச் சோதனையே வீண் என்று முடிவு கட்டுவது தவறு. நம் செம்பனைத் தோட்டங்களில் பயன்படும் இன்னொரு களைக்கொல்லியான குளுபோசினேட், பிள்ளைப்பேற்றைப் பாதிக்கக்கூடும் என்று எச்சரித்தவை விலங்குச் சோதனைகளே. அந்த எச்சரிக்கைக்குப் பின் ஐரோப்பாவில் அதன் அனுமதி 2018இல் முடிந்தது. பாதி எலிகள் சாகும் வரை கொடுக்கும் பழைய சோதனை முறையையும் ஓஇசிடி அமைப்பு 2002இல் நீக்கி, குறைந்த விலங்குகளில் செய்யும் முறைகளை ஏற்றது.

ஆகவே சிக்கல், சோதனை நடந்ததில் இல்லை. அதில் வந்த ஒற்றை எண், மருந்து அடித்தவரின் உடம்பைவிடப் பெரிய சாட்சியாக எடுத்துக்கொள்ளப்பட்டதில் இருக்கிறது.

பாராகுவாட் போனாலும் வேறு மருந்துகள் இருக்கின்றன. அவற்றை அடிப்பவர்கள் நம் பெண்களும், அந்நிய நாட்டுத் தொழிலாளர்களும்தான். ஆபத்தான ரசாயனங்களைக் கையாளும் வேலையிடங்களுக்கான 2000ஆம் ஆண்டு விதிமுறைகள் பூச்சிமருந்து, களைக்கொல்லிகளுக்கும் பொருந்தும். வேலையைத் தொடங்கும் முன் ஆபத்தை மதிப்பிட வேண்டியதும், அதைத் தொழிலாளிக்கு விளக்க வேண்டியதும் முதலாளியின் பொறுப்பு. கலனில் என்ன மருந்து, அதற்கு எந்த மதிப்பீடு என்று தோட்ட நிர்வாகத்திடம் கேட்க யாரும் தயங்க வேண்டியதில்லை. தலைசுற்றல், நகம் உதிர்தல், தோல் எரிச்சல் என்று கிளினிக்குக்குப் போகும்போது, எந்த மருந்து அடித்தோம் என்பதைச் சொல்லிப் பதிவு செய்வதும் முக்கியம். அடுத்த தடைக்கு அந்தப் பதிவுகளே சாட்சியாகும்.