எஞ்சின் புலி, கியர் பெட்டி எலி!

1967-ம் ஆண்டு பிப்ரவரி மாதம். அமெரிக்காவில் புளோரிடா மாநிலம், டேடோனா மைதானம். 24 மணி நேர கார் ரேஸ்.

ஆறு "மார்க் 2" கார்களோடு வந்து இறங்கியது போர்டு கம்பெனி. முந்தைய ஆண்டு பிரான்சில் லெ மான் ரேசில் முதல் மூன்று இடங்களையும் அள்ளிய அதே ரகம். முதுகுப் பக்கம் 7 லிட்டர் எஞ்சின். எதிரே இத்தாலியின் பெராரி.

நடந்தது என்ன? போர்டு கார்கள் ஒன்றன் பின் ஒன்றாகப் படுத்தன. எஞ்சின் உறுமியது, சக்கரம் சுற்றவில்லை! கியர் பெட்டிக்குள் ஷாப்ட் முறிந்து கிடந்தது. வேறு பெட்டி மாட்டினார்கள். அதுவும் போச்சு. கடைசி வரை தாக்குப்பிடித்தது ஒரே ஒரு கார். பெராரி 1, 2, 3 என்று வரிசையாக வந்து கோட்டைத் தாண்டியது.

குற்றவாளி யார்? டிரைவர் அல்ல. எஞ்சினும் அல்ல. ஷாப்டுகளுக்குச் சூடேற்றிப் பதம் கொடுத்ததில் கோளாறு. மாற்றுப் பெட்டிகளிலும் அதே ஷாப்டுகள். பிறகு எப்படிப் பிழைக்கும்?

இந்த ரகக் கார்களில் எஞ்சின் டிரைவருக்குப் பின்னால் இருக்கும். கியரும் டிபரன்ஷியலும் ஒரே பெட்டியில் அடக்கம். "டிரான்ஸ் ஆக்சில்" என்பார்கள். எஞ்சின் கக்கும் விசை முழுவதையும் தாங்க வேண்டியது இந்த ஒரே பெட்டிதான்.

இந்த அடி போர்டுக்குப் புதிதல்ல. 1964-ல் லெ மானுக்குப் போன மூன்று ஜி.டி.40 கார்களில் ஒன்று தீப்பிடித்தது. இரண்டைக் கியர் பெட்டி கவிழ்த்தது. அப்போது எஞ்சின் வெறும் 4.2 லிட்டர்தான்.

புத்தி வந்தது. 7 லிட்டர் எஞ்சினுக்கென்றே நாலு கியர் கொண்ட கனமான பெட்டி செய்தார்கள். ஆய்வுக் கூடத்தில் எஞ்சினையும் பெட்டியையும் சேர்த்துப் பூட்டி, லெ மான் பாதையில் ஓடுவது போலவே மணிக்கணக்கில் ஓட்டிப் பார்த்தார்கள். அதன் பலன்தான் 1966 வெற்றி. அப்படிப்பட்ட பெட்டியையே ஒரு ஷாப்டின் பதக் கோளாறு அடுத்த ஆண்டு காலை வாரிவிட்டது!

இன்றும் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் சிலர், குதிரை சக்தியைக் கூட்டுவதிலேயே குறியாக இருக்கிறார்கள். பெட்டி எத்தனை குதிரை தாங்கும் என்று ஒரே ஒரு எண்ணைக் கேட்டுவிட்டு எஞ்சினில் கை வைக்கிறார்கள். இது தப்புக் கணக்கு.

பல்லை உடைப்பது குதிரை சக்தி அல்ல, முறுக்கு விசை. முதல் கியரில் அது இரண்டு மூன்று மடங்காகப் பெருகும். கிளட்சைத் தடாலென்று விட்டால் சம்மட்டி அடிதான். அகலமான டயர் போட்டால் சக்கரம் வழுக்காது. அந்த அடியையும் பெட்டியே வாங்கிக்கொள்ள வேண்டும். எண்ணெய் கொதித்தால் கதை முடிந்தது. ஓடும்போது பெட்டி இறுகிப் பின் சக்கரம் பூட்டிக்கொண்டால், போவது பெட்டி மட்டுமல்ல, உயிரும்தான்!

முதலில் பெட்டியைப் பிரித்துப் பாருங்கள். ஷாப்ட், கிரௌன்-பினியன், பேரிங் எல்லாம் சோதித்த பிறகு எஞ்சின் பக்கம் போகலாம். கோடி கோடியாகக் கொட்டிய கம்பெனிக்கே ஒரு ஷாப்ட் பாடம் நடத்தியது.

விரலுக்குத் தகுந்த வீக்கம்தான் நல்லது!