பள்ளம் சிவிலுக்கு, சக்கரம் மெக்கானிக்கலுக்கா?

நம் கேன்டீனில் ஒரு பழைய சண்டை உண்டு. மழைக்காலம் பிறந்தால் அதுவும் பிறந்துவிடும். "உங்க ஆளுங்க போட்ட ரோட்டுல என் ரிம்மு போச்சுடா" என்பான் மெக்கானிக்கல்காரன். "ரோடு நல்லாத்தான் இருக்கு, உங்க ஆளுங்க செஞ்ச சக்கரத்துக்குத்தான் தெம்பில்ல" என்பான் சிவில்காரன். டீ ஆறும், சிரித்துவிட்டுக் கலைவோம். மூன்று வருடமாக மெக்கானிக்கல் கட்சியில் நின்று நானும் சிரித்தவன்தான். போன ஐப்பசி மழையில்தான் அந்தச் சிரிப்பு நின்றது.

என் அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். தண்ணீர் தேங்கிய பள்ளம் தெரியாமல் ஒரு நாள் முன் சக்கரத்தை இறக்கிவிட்டார். ரிம்மின் விளிம்பு மடங்கியது. டயரின் பக்கச் சுவரில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு புடைப்பு. ரிம்மைத் தட்டி நிமிர்த்தியாகிவிட்டது. டயருக்கு என்ன செய்வது? "உள்ள பழைய டயர்த் துண்டு ஒண்ணு வச்சு டியூப் போட்டா ஆறு மாசம் ஓடும்" என்றார் அப்பா. கடைக்காரரும் தலையாட்டினார். பக்கத்தில் நின்ற எனக்கு, பொருள்களின் வலிமை பாடத்தில் நல்ல மார்க் வாங்கிய எனக்கு, ஒரு வார்த்தை பதில் சொல்லத் தெரியவில்லை!

பத்தாம் நாள் காலை அது வெடித்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும்போது வெடித்ததால் அப்பாவின் முழங்கைச் சிராய்ப்போடு போயிற்று. பத்து நிமிடம் முன்னால் வெடித்திருந்தால்...? அந்தப் புள்ளிகளை நிரப்ப எனக்கு இன்றும் தைரியம் இல்லை.

அதற்குப் பிறகுதான் படித்தேன், ஒர்க் ஷாப் அண்ணன்களிடம் கேட்டேன். தெரிந்துகொண்டது இதுதான். டயரில் ரப்பர் வெறும் சட்டை. எலும்பு என்பது உள்ளே ஓடும் நைலான், பாலியெஸ்டர் நூல் இழைகள். பள்ளத்தின் விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவில் டயர் நசுங்கும்போது அந்த இழை அறுந்துவிடுகிறது. தாங்க இழை இல்லாத இடத்தில் காற்று ரப்பரை வெளியே தள்ளுகிறது. அதுதான் புடைப்பு. அறுந்த இழையை எந்த ஒட்டும் சேர்க்காது. டயர் தரையில் படும் பாகத்தில் ஆணி குத்தினால் ஒட்டலாம். பக்கச் சுவரோ ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்கிறது. அங்கே ஒட்டு நிற்காது. புடைத்த டயருக்கு ஒரே வைத்தியம், கழற்றிப் போடுவதுதான்.

ரிம் கதை வேறு. ஸ்போக்ஸ் சக்கரம் கோட்டமானால் நிப்பிளை இங்கே இறுக்கி, அங்கே தளர்த்திக் கோட்டம் எடுத்துவிடலாம். இரும்பு ரிம்மின் விளிம்பு கொஞ்சம் மடங்கினால் சூடு காட்டாமல் நிமிர்த்தலாம். சக்கரத்தைச் சுழலவிட்டு விளிம்போரம் ஒரு சாக்பீஸை அசையாமல் பிடித்துப் பாருங்கள். எங்கே உரசுகிறதோ அங்கே வளைவு மிச்சம். அலாய் வீல் அப்படியல்ல. அலுமினியக் கலவையை வார்த்து, பெரும்பாலும் வெப்பப் பதமும் கொடுத்துச் செய்தது. அதை நெருப்பில் காட்டி அடித்தால் அந்தப் பதம் போய்விடும். விரிசலை வெல்டிங் வைத்து மொழுகி, பெயின்ட் அடித்தால் பார்க்கப் புதுசு. ஆனால் உள்ளே பழைய ஆபத்து. விரிசல் கண்டால் மாற்றத்தான் வேண்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஆட்டோவிலும் பழைய ஸ்கூட்டரிலும் ரிம் இரண்டு பாதியாக நட்டுப் போட்டு இறுக்கியிருக்கும். காற்றை முழுதும் இறக்காமல் அந்த நட்டில் ஸ்பேனர் வைக்கவே கூடாது. வைத்தால் பாதி ரிம் முகத்துக்கு வரும்.

இதில் எங்கே வருத்தம் தெரியுமா? ஒட்டக் கூடாததை ஒட்டுகிறோம். நிமிர்த்தக் கூடியதைத் தூக்கி எறிகிறோம். புது டயர் வாங்கும்போது பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கத்தைப் படிப்பவர் எத்தனை பேர்? 2523 என்றிருந்தால் 2023-ஆம் ஆண்டின் 25-ஆவது வாரத்தில் செய்தது. படித்த நாமே பார்ப்பதில்லை, அப்பாக்களைக் குறை சொல்லி என்ன பயன்? ஏழைக்கு டயர் என்பது சில நாள் சோறு. அவர் ஒட்டுப் போடுவது அறியாமையால் மட்டுமல்ல, இல்லாமையாலும்தான்.

சரி, சக்கரத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். பள்ளம்? சிவில் நண்பன் ஒருவன் சொன்னான்: "மச்சி, தாருக்கு எதிரி தண்ணிதான்டா." விரிசலில் இறங்கும் தண்ணீர் தாரையும் ஜல்லியையும் பிரிக்கிறது, மேலே ஓடும் சக்கரம் அதை அழுத்தி அழுத்திப் பள்ளமாக்குகிறது. ஒழுங்காக மூடுவதென்றால் ஓரங்களைச் சதுரமாக வெட்டி, சுத்தம் செய்து, ஈரம் போக்கி, தார் பூசி, கலவை கொட்டி இறுக்க வேண்டும். நாம் என்ன செய்கிறோம்? ஒரு கூடை மண், நாலு செங்கல் துண்டு, ஒரு போட்டோ! அடுத்த மழையில் மண் போய்விடும், போட்டோ மட்டும் நிற்கும். சேவை செய்யும் நண்பர்கள் கோபிக்க வேண்டாம். மனசு நல்லதுதான், முறைதான் போதாது.

"சட்டம் இல்லையா?" என்பீர்கள். இருக்கிறது. 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவு, சாலையைத் தரமாகப் போடாத, பராமரிக்காத பொறுப்பாளர்களுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது. எப்போது? அதனால் ஒருவர் இறந்தால், அல்லது ஊனமானால்! ரிம் போனவன், டயர் போனவன், இரண்டு நாள் வருமானம் போனவன் அந்தக் கணக்கில் இல்லை. உயிர் போன பிறகு விழிக்கும் சட்டம் போதாது என்பதே என் கருத்து.

ஆகவே நம் பேரவைக்கு இரண்டு யோசனை. ஒன்று, சிவில் மாணவர்கள் டேப்பை எடுத்துக்கொண்டு நம் கேட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரை ஒவ்வொரு பள்ளத்தின் நீளம், அகலம், ஆழம், தேதி குறிக்கட்டும். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் ஆபீசில் அந்தப் பட்டியலோடு மனு கொடுப்போம். "ரோடு மோசம்" என்ற மனுவை ஒதுக்கலாம். அளந்து எழுதியதை ஒதுக்குவது கடினம். இரண்டு, மெக்கானிக்கல் மாணவர்கள் மாதம் ஒரு சனிக்கிழமை ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போய் டயர்க் காற்றையும் புடைப்பையும் பார்த்துச் சொல்லட்டும். காற்றுக் குறைந்த டயர்தான் பள்ளத்தில் சீக்கிரம் நசுங்கும். இதற்கு ஒரு பிரஷர் கேஜ் போதும், நிதி எதுவும் தேவையில்லை.

மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியில் கழிவு பிளாஸ்டிக்கைத் தார்ச்சாலைக்குப் பயன்படுத்தும் முறையைக் கண்டுபிடித்த பேராசிரியர் வாசுதேவனுக்கு 2018-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. சூடான ஜல்லியின் மேல் பிளாஸ்டிக் உருகிப் படிந்தால் தார் இறுகப் பிடிக்கிறது. தண்ணீர் எளிதில் பிரிக்க முடிவதில்லை. அவர் சிவிலா, மெக்கானிக்கலா? இரண்டும் இல்லை நண்பர்களே, வேதியியல் பேராசிரியர்! 'இது என் டிபார்ட்மெண்ட் இல்லை' என்று அவர் சும்மா இருந்திருந்தால்?

அப்பா கடன் வாங்கிப் புது டயர் போட்டுவிட்டார். அந்தப் பள்ளம் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. அடுத்த மழைக்கு முன்னால் கேன்டீன் சண்டையை ஒரு நாள் தள்ளிவைப்போம். டீ ஆறினாலும் பரவாயில்லை. டேப்போடு நீ வா தோழா, கேஜோடு நான் வருகிறேன்!

– மூன்றாமாண்டு மாணவன், இயந்திரவியல் துறை