மின்கணப்பும் கம்பியின் கனமும்

தை மாதத்து விடியற்காலையில் நுவரெலியாப் புல்வெளிகள் உறைபனியால் வெளுத்துக் கிடப்பதைக் கண்டவர்களுக்கு, மலைநாட்டார் மின்கணப்பை விரும்புவது ஏன் என்று நாம் விளக்க வேண்டுவதில்லை. ஒரு காலத்தில் துரைமார் பங்களாக்களில் மட்டும் கனன்ற கணப்பு, இன்று ‘ஹீற்றர்’ என்னும் பெயரோடு பாடசாலை மண்டபத்துக்கும் லயக்காம்பிராவுக்கும் வந்துவிட்டது. வந்தது நல்லதே. ஆனால் அதனை எந்தக் கம்பியில், எந்தப் பிரேக்கரின் கீழ் மாட்டுவது என்று கேட்போர் அரியர். லயங்கள் எரிந்த செய்தி வரும்போது ‘மின்னொழுக்கு’ என்ற ஒரு சொல்லோடு விஷயம் முடிந்துவிடுகிறது. அச்சொல்லுக்குப் பின்னால், செய்யாமல் விட்ட சிறு கணக்கொன்று இருத்தல் கூடும்.

இம்மலைகளின் நீர்வீழ்ச்சிகளால் நாட்டுக்கே ஒளியூட்டலாம் என்று பொறியியலாளர் விமலசுரேந்திரா 1918ஆம் ஆண்டிலேயே கட்டுரை படித்தார். லக்ஷபான நிலையம் 1950இல் இயங்கத் தொடங்கியது. நீர் இம்மலையது; எனினும் லயங்களுக்கு விளக்கு வந்தது வெகுகாலம் கழித்தே. வந்தபோதும் ஓரிரு குமிழ்களை எண்ணியே பல இடங்களில் கம்பி இழுத்தார்கள். கடைக்காரர் 1/1.13 என்று விற்கும் அந்த ஒற்றை இழை, 1 சதுர மில்லிமீற்றர்தான். 2 கிலோவாற்றுக் கணப்பு 230 வோல்ற்றில் ஏறக்குறைய 9 அம்பியர் இழுக்கும். அதே கம்பியில் தேநீருக்கு மின்கேத்தலையும் போட்டால் 17 அம்பியரைத் தாண்டும். சுவருக்குள்ளே கம்பி காய்வது வெளியே எவருக்கும் தெரியாது.

பெரிய கணப்புக்கு மும்முனை மின்சாரம், மின்தொழிலாளர் மொழியில் ‘திரீ பேஸ்’, உகந்தது. தேயிலைத் தொழிற்சாலையின் மோட்டர்களைச் சுழற்றுவதும் அதுவே. மண்டபம் ஒன்றுக்கு 9 கிலோவாற்றுக் கணப்பு வேண்டுமென்று கொள்வோம். ஒற்றை முனையில், 9,000ஐ 230ஆல் வகுக்க 39 அம்பியர் வரும். 30 அம்பியர் இணைப்பு அதனைத் தாங்காது. மும்முனையிலே முனைகளுக்கு இடையே 400 வோல்ற்று. அதனை 1.732ஆல் பெருக்கி, வரும் தொகையால் 9,000ஐ வகுத்தால், முனைக்கம்பி ஒவ்வொன்றிலும் 13 அம்பியரே. மாணவர்கள் இதனைத் தாளில் ஒரு தரம் செய்து பார்க்கட்டும்.

இனித் தெரிவு. பிரேக்கர் சுமையினும் பெரிதாகவும், கம்பியின் தாங்குதிறனினும் சிறிதாகவும் இருக்க வேண்டும். 13 அம்பியருக்கு 16 அம்பியர் பிரேக்கரும், 7/0.67 எனப்படும் 2.5 சதுர மில்லிமீற்றர்ச் செப்புக் கம்பியும் கணக்குக்குச் சரி. கணப்பு மோட்டரைப் போன்றதன்று; மணிக்கணக்காக முழுச்சுமையில் நிற்பது. ஆகவே 20 அம்பியர் பிரேக்கரும் 4 சதுர மில்லிமீற்றர்க் கம்பியும் இடுவதே நம் விருப்பம். பல கம்பிகளை ஒரே குழாய்க்குள் நெருக்கினால் அவற்றின் தாங்குதிறன் குறையும் என்பதையும் எண்ண வேண்டும். மண்டபம் மேட்டிலே தூரத்தில் இருந்தால் மின்னழுத்தமும் வழியில் குறையும்: 60 மீற்றர் தூரத்துக்கு 2.5 கம்பி ஏறக்குறைய 12 வோல்ற்றைத் தின்றுவிடும்.

பிரேக்கர் கணப்பைக் காக்க வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அது காப்பது கம்பியை. அடிக்கடி விழுகிறதே என்று 16ஐக் கழற்றி 32ஐ மாட்டுவது, குரைக்கிறதே என்று வீட்டு நாயை அவிழ்த்துத் துரத்துவது போலாகும். ஹற்றனை அடுத்த தோட்டமொன்றில் பழைய பியூஸ் பெட்டியில் நாம் கண்டது இன்னும் கொடிது: மெல்லிய பியூஸ் கம்பி இருக்க வேண்டிய இடத்தில் மும்மடியாக முறுக்கிய செப்புக் கம்பி! ‘இப்போது போவதே இல்லை’ என்று அங்கிருந்தவர் பெருமையோடு கூறினார்.

மாட்டும் முறையிலும் ஓர் ஆபத்து உண்டு. 230 வோல்ற்றுக்குச் செய்த மூன்று சுருள்களின் ஒரு நுனி முனைக்கம்பியிலும், மறு நுனி நியூட்ரலிலும் சேர வேண்டும். இது நட்சத்திர இணைப்பு. தவறிப்போய் முனைக்கும் முனைக்கும் இடையே முக்கோணமாக மாட்டினால், சுருள் ஒவ்வொன்றுக்கும் 400 வோல்ற்று. வெப்பம் மும்மடங்காகி, 9 கிலோவாற்று 27 ஆகும். கம்பியில் 39 அம்பியர் ஓடும். 20 அம்பியர் பிரேக்கர் சிறிது நேரத்தில் விழுந்து காப்பாற்றும். 40 அம்பியர் பிரேக்கரை மாட்டியிருந்தால் அது அசையாது நிற்கும், கம்பிதான் எரியும்.

உயிர்காக்கும் கருவி வேறு. கசிவு 30 மில்லியம்பியரை எட்டும் முன்போ எட்டியவுடனோ மின்சாரத்தைத் துண்டிக்கும் ‘ட்ரிப் சுவிட்ச்’ அது. அதன் முகப்பில் சோதனைப் பொத்தான் ஒன்று உண்டு. மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். விழவில்லையாயின் அன்றே மின்தொழிலாளரை அழையுங்கள்.