கவுண்ட்டரில் யாரை உட்கார வைப்பீர்கள்?

மக்களே, ஆணி அதிகம்தான். ஆனாலும் இதை எழுதாவிட்டால் தூக்கம் வராது. "ஸ்கிரிப்ட் மொழிக்கு எதற்கு இத்தனை கெடுபிடி?" என்று கேட்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பி.காம். படித்தவனுக்கு இதில் என்ன வேலை என்கிறீர்களா? படிவம் கேட்டே தலை நரைத்தவன் ஐயா நான்!

ஜாவாஸ்கிரிப்டில் ஒரு ஃபங்ஷனை அப்படியே இன்னொன்றின் கையில் கொடுத்துவிடலாம், "சமயம் வரும்போது கூப்பிட்டுக்கொள்" என்று. கொடுப்பவர் ஒருவர், கூப்பிடுபவர் வேறொருவர். எங்கள் பாஷையில் பவர் ஆஃப் அட்டர்னி. வாங்கும்போது பார்க்க மாட்டோம், பணம் எடுக்க வரும் அன்று பார்த்துக்கொள்வோம் என்று எந்த வங்கியாவது சொல்லுமா?

சேமிப்புக் கணக்கு மட்டுமே தெரிந்த குமாஸ்தாவை, எல்லாக் கணக்கும் வருகிற கவுண்ட்டரில் உட்கார வையுங்கள். முதல் பத்துப் பேர் சேமிப்புக் கணக்குக்காரர்களாகவே வந்தால் குட்டு வெளிப்படாது. பதினோராவது ஆள் கடன் கணக்கோடு வருவார். அங்கே கவிழும். எல்லாம் தெரிந்தவரைச் சேமிப்பு கவுண்ட்டரில் போட்டால் ஒரு பாதகமும் இல்லை. 2012-ல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட டைப்ஸ்கிரிப்ட், ஐந்து வருடம் இந்த இரண்டையுமே "ஓகே சார்" என்று விட்டது! 2017 அக்டோபரில் வந்த 2.6 பதிப்பில்தான் 'ஸ்ட்ரிக்ட்ஃபங்ஷன்டைப்ஸ்' என்று ஒரு விசை வைத்து முதல் வகையைத் தடுத்தார்கள்.

பெங்களூரில் வேலை பார்க்கும் என் தங்கை மகன் அந்த விசையை அணைத்துவிட்டேன் என்று பெருமையாகச் சொல்கிறான். "ஒரே சிவப்புக் கோடு மாமா, வேலையே ஓடல." கோடு வந்தது உன் திரையில்தானே ராசா, வாடிக்கையாளர் திரையில் இல்லையே?

அந்த விசையிலும் ஒரு புழக்கடைக் கதவு உண்டு. அதே ஃபங்ஷனை மெத்தட் பாணியில் அறிவித்தால் இந்தச் சோதனை கிடையாது. அர்ரே மாதிரி ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பவை உடையக் கூடாதாம். காரணம் புரிகிறது. ஆனால் "பெரிய பார்ட்டி சார், கண்டுக்காதீங்க" என்பது போலத்தான் இருக்கிறது. பிஎச்பி கதை இன்னும் மோசம். 2012-ல் 5.4 பதிப்பில் வந்த 'காலபிள்' என்ற வகை, கூப்பிட முடியுமா என்று மட்டும்தான் பார்க்கும். எதைக் கொடுக்க வேண்டும், என்ன திரும்பி வரும் என்று கேட்காது. மூச்சு வருகிறதா என்று பார்த்து குமாஸ்தாவை வேலைக்கு எடுப்பது மாதிரி :-)

பத்து வரி விளையாட்டு நிரலுக்கு இதெல்லாம் வேண்டாம், ஒப்புக்கொள்கிறேன். ஊருக்குப் பணம் அனுப்பும் பக்கத்துக்கு? 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் வந்தது, லிட்டில் அந்தமானும் அதில் சேர்த்தி. இப்போது ஹட் பேயிலிருந்தே ராத்திரி பதினொரு மணிக்கு அம்மாவின் ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பணம் அனுப்பலாம். நடுவில் 'அன்டிஃபைன்ட்' என்று வந்து நின்றால் அதை எழுதியவனை எங்கே போய்ப் பிடிப்பது? ஸ்ரீ விஜயபுரம் (நம் பழைய போர்ட் பிளேர்தான்) போவதற்கே கப்பலுக்குக் காத்திருக்க வேண்டும்.

உங்கள் வீட்டிலும் நிரல் எழுதும் பிள்ளைகள் இருப்பார்கள். அந்த விசை எந்தப் பக்கம் இருக்கிறது என்று இன்றைக்கே கேளுங்கள். "அதெல்லாம் 'எனி' போட்டுச் சமாளிச்சிடுவோம்" என்று பதில் வந்தால், தொகை எழுதாத செக்கில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பாயா என்று திருப்பிக் கேளுங்கள்.