கேட்டுப் படிப்போம், கேள்வி கேட்போம்

சமூகவியல் முதுகலையில் சேர்ந்த புதிதில் எங்களில் பலருக்கு நூலகம் என்றாலே பயம். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்துவிட்டு, மார்க்ஸ், வெபர், துர்கைம் என்று ஆங்கிலப் புத்தகத்தைத் திறந்தால் முதல் பக்கத்திலேயே மூச்சு முட்டும். வகுப்பில் மற்ற எல்லோருக்கும் புரிந்துவிட்டது, நமக்கு மட்டும்தான் புரியவில்லை என்று தோன்றும். அந்தக் கூச்சத்திலேயே படிப்பை விட்டவர்கள் உண்டு. மாலை நேர வகுப்புகளில் சந்திக்கும் தம்பி தங்கைகளிடம் இன்றும் அதே கூச்சத்தைப் பார்க்கிறோம். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறோம்.

சமூக அறிவியலுக்குள் நுழைய இன்று இன்னொரு வாசல் திறந்திருக்கிறது. காசில்லாமல் கிடைக்கும் ஒலிப்பதிவுகள். 2005இல் தொடங்கிய லிப்ரிவாக்ஸ் என்ற திட்டத்தில், காப்புரிமை முடிந்த நூல்களைத் தன்னார்வலர்கள் வாசித்துப் பதிவு செய்கிறார்கள். யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம், பேராசிரியர் இவான் செலெனி 2009இல் நடத்திய சமூகக் கோட்பாட்டு வகுப்பின் 25 உரைகளையும் இலவசமாகவே வைத்திருக்கிறது. லட்சங்களில் கட்டணம் கட்டி உட்கார வேண்டிய வகுப்பு அது. இன்று சித்தாள் வேலைக்குப் போகும் பேருந்திலும் கேட்கலாம்.

எங்கள் படிப்பகத்தில் ஞாயிறு மாலைகளில் இதைச் செய்து பார்த்தோம். முதலில் எடுத்தது டுபாய்ஸ். கறுப்பின மக்களின் வாழ்வைக் களத்தில் இறங்கி ஆராய்ந்த சமூகவியலாளர். 1903இல் அவர் வெளியிட்ட ‘கறுப்பின மக்களின் ஆன்மாக்கள்’ நூல் லிப்ரிவாக்ஸில் ஆங்கிலத்தில் இருக்கிறது. பத்து நிமிடம் கேட்பது, நிறுத்துவது, புரிந்தவர் தமிழில் சொல்வது, பிறகு பேசுவது. இதுதான் முறை. பள்ளியில் பிள்ளைகள் பெயர் அட்டைகளை (விசிட்டிங் கார்டு) மாற்றிக்கொண்டபோது ஒரு வெள்ளைச் சிறுமி மட்டும் தன் அட்டையை மறுத்ததை முதல் அத்தியாயத்திலேயே டுபாய்ஸ் சொல்கிறார். அடுத்தவர் கண் வழியாகவே தன்னைப் பார்த்துக்கொள்ளும் நிலைக்கு ‘இரட்டை உணர்வு’ என்று பெயர் வைக்கிறார்.

அன்று கடைசி வரிசையில் இருந்த ஒரு தம்பி, அதுவரை வாயே திறக்காதவன், சொன்னான்: “ஊர்த் தெரு வழியா சைக்கிள்ல போறப்ப நான் ரோட்டப் பாக்க மாட்டேண்ணா. அவங்க என்னை எப்படிப் பாக்குறாங்கன்னுதான் பாத்துக்கிட்டே போவேன்.” எந்தப் பாடப் புத்தகமும் அந்தக் கருத்தை இதைவிடத் தெளிவாக எங்களுக்கு விளக்கியதில்லை. கோட்பாடு நமக்கு எட்டாதது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். நம் வாழ்க்கைதான் அதன் கச்சாப்பொருள்.

கேட்டுப் படிப்பது நமக்குப் புதிதல்ல. டீக்கடையிலும் முடிதிருத்தும் கடையிலும் ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிக்க, எழுத்தறியாதவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டு அரசியல் பேசியது தமிழ்நாட்டின் பழக்கம். அதே சமயம், கேட்பதையே குற்றமாக்கிய நாடும் இதுதான். வேதத்தைக் கேட்ட சூத்திரனின் காதில் ஈயத்தையும் அரக்கையும் உருக்கி ஊற்றச் சொன்னது கௌதம தர்ம சூத்திரம். சூத்திரனுக்கே அந்தத் தண்டனை என்றால், வருணத்துக்கே வெளியே நிறுத்தப்பட்டவர்களின் நிலை என்ன? எனவே காதில் மாட்டும் கருவி நமக்குப் பொழுதுபோக்குச் சாமான் மட்டுமல்ல தோழர்களே.

ஆனால் இலவசமாகக் கிடைக்கிறது என்பதற்காக அப்படியே விழுங்கிவிடக் கூடாது. அந்த யேல் வகுப்பு ஹாப்ஸில் தொடங்கி துர்கைமில் முடிகிறது. ஒவ்வொரு உரையும் கேட்கத் தகுந்தது. ஆனால் அந்தப் பட்டியலில் டுபாய்ஸ் இல்லை. அம்பேத்கர் இல்லை. பெண் ஒருவர்கூட இல்லை. 1916 மே 9 அன்று நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், கோல்டன்வைசரின் மானுடவியல் கருத்தரங்கில், 25 வயது அம்பேத்கர் ‘இந்தியாவில் சாதிகள்’ என்ற ஆய்வுரையை வாசித்தார். அகமணம்தான் சாதியின் உயிர்நாடி. சதியும் கட்டாய விதவைக்கோலமும் குழந்தைத் திருமணமும் அதைக் காப்பாற்றும் வழிமுறைகள் என்று நிறுவினார். அதே காலத்தில்தான் இந்து மதம் பற்றிய மாக்ஸ் வெபரின் கட்டுரைகள் ஜெர்மனியில் வெளிவந்தன. வெபர் இந்தியாவுக்கு ஒருமுறைகூட வந்ததில்லை. அவர் ‘சமூகவியலின் தந்தை’களில் ஒருவர். சாதிக்குள் பிறந்து, அதை ஆராய்ந்து எழுதியவர் வெறும் ‘தலைவர்’. இந்தப் பாகுபாட்டைக் கேள்வி கேட்காமல் கேட்டுக்கொண்டே போனால், நாம் வெறும் ஒலிப்பெட்டி ஆகிவிடுவோம். தமிழில் ‘கேள்வி’ என்றால் செவியால் கேட்பதும்தான், வினா எழுப்புவதும்தான். இரண்டும் சேர்ந்து நடக்க வேண்டும்.

“காதால் கேட்டால் வாசிப்புப் பழக்கம் போய்விடும்” என்று மூத்த தோழர்கள் சிலர் கவலைப்படுகிறார்கள். கவலை நியாயமானது. கேட்பது வாசிப்புக்கு மாற்று அல்ல, வாசிப்புக்குள் அழைத்துப் போகும் கை. எங்கள் குழுவில் கேட்ட பகுதியை மறுவாரம் புத்தகத்தில் வாசிக்க வேண்டும் என்பது விதி. பார்வையற்ற தோழர்களுக்கு இது வாசிப்பேதான் என்பதையும் மறக்க வேண்டாம்.

இன்னொரு உண்மையும் உண்டு. இலவசம் என்றாலும் எல்லோருக்கும் இலவசமில்லை. நம் தங்கைகள் பலருக்குச் சொந்தக் கைபேசி இல்லை. அண்ணன் வேலை முடிந்து வந்தால்தான் கைக்குக் கிடைக்கும். அதனால்தான் தனித்தனியாகக் கேட்பதைவிட ஒரு ஒலிபெருக்கியை வைத்துக் கூடிக் கேட்கச் சொல்கிறோம். ஒருவர் இறக்கிக்கொண்டால் போதும், மெமரி கார்டில் போட்டு பத்துப் பேருக்குக் கொடுக்கலாம்.

கேட்பதோடு நிறுத்தவும் வேண்டாம். இந்தப் பதிவுகளில் பெரும்பகுதி ஆங்கிலம். தமிழில் நம்மவர் எழுத்துகளை யார் வாசிப்பது? இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் வரைதான் காப்புரிமை. 1914இல் மறைந்த பண்டிதர் அயோத்திதாசரின் எழுத்துகளும், 1945இல் மறைந்த தாத்தா இரட்டைமலை சீனிவாசனின் ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ நூலும் அந்த எல்லையைத் தாண்டிவிட்டன. அண்ணல் அம்பேத்கர் உயிரோடு இருந்தபோது வெளியிட்ட நூல்கள் 2017 முதல் பொதுச்சொத்து. ஆனால் அவற்றின் தமிழ் மொழிபெயர்ப்புக்குத் தனி உரிமை உண்டு. மொழிபெயர்த்தவரிடமோ பதிப்பகத்திடமோ அனுமதி கேளுங்கள்.

‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ சிறு நூல். அதைப் பதிவு செய்யலாம் என்று சொன்னபோது கல்லூரியில் படிக்கும் ஒரு தங்கை தயங்கினாள். “என் பேச்சு சேரிப் பேச்சு மாதிரி இருக்குமேக்கா, கேக்குறவங்க சிரிப்பாங்க” என்றாள். தாத்தா இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தான் தொடங்கிய பத்திரிகைக்கு ‘பறையன்’ என்றே பெயர் வைத்தார் என்ற வரலாற்றை அவளுக்குச் சொன்னோம். மறுவாரம் போர்வையைத் தலைக்கு மேல் போர்த்திக்கொண்டு, வெளியே நாய் குரைக்கும் சத்தத்துக்கு நடுவே, முதல் நான்கு பக்கங்களை வாசித்துக் கொண்டுவந்தாள். படிப்பகத்தில் போட்டுக் கேட்டோம். யாரும் சிரிக்கவில்லை. அவளுடைய அம்மா மட்டும் இன்னொரு முறை போடச் சொன்னார்.

உங்கள் ஊரிலும் ஒரு கைபேசியும் ஒரு சிறு நூலும் இருந்தால் போதும். இந்த ஞாயிறே தொடங்குங்கள்.

ஜெய்பீம்.