மாற்கு சுவிசேஷத்தின் முடிவும் பாட ஆராய்ச்சியும்

தமிழ் கற்பார்க்குப் பாடபேதம் புதிதன்று. ஏடெழுதுவோர் ஓரெழுத்தை மற்றோரெழுத்தாக மயங்குதலும், ஓரடியை விட்டுச் செல்லுதலும், தாமறிந்ததொன்றை இடையிற் சேர்த்தலும் உலகியல்பே. டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1894-இல் புறநானூற்றை அச்சிட்டபோது பல பிரதிகளை ஒப்புநோக்கி உண்மைப் பாடத்தைத் தேடினார். அந்நூலின் 267, 268-ஆம் பாட்டுக்கள் அகப்படவில்லை. அவற்றின் இடத்தைத் தாமே புனைந்து நிரப்ப அவர் முற்படவுமில்லை. அதனாற் புறநானூற்றின் பெருமை குன்றிற்றென்பார் ஒருவருமிலர்.

தமிழ் நூல்களை இத்துணைத் தெளிவோடு நோக்கும் நம் மாணவருட் சிலர், அதே வினா வேதாகமத்தைக் குறித்து எழுமாயின் முகம் வாடுகின்றனர். வேறு சிலரோ, கிறிஸ்தவரின் வேதம் ஒட்டுப்போட்டதெனக் கூறி நகைக்கின்றனர். இவ்விருசாராரும் பாட ஆராய்ச்சியின் இயல்பை நன்குணர்ந்திலர் என்பது எமது கருத்து. ஒரே ஓர் எடுத்துக்காட்டினால் இதனை விளக்க முயல்வோம்.

மாற்கு 16-ஆம் அதிகாரத்தில் 9 முதல் 20 வரை பன்னிரண்டு வசனங்கள் உள்ளன. உயிர்த்தெழுந்த ஆண்டவர் மகதலேனா மரியாளுக்குத் தோன்றியதும், சீஷரை உலகெங்கும் அனுப்பியதும், பரமேறியதும் இவற்றிற் கூறப்படுகின்றன. இச்சுவிசேஷத்தை உடைய கிரேக்கப் பிரதிகளுள் பழமையானும் சிறப்பானும் முன்னிற்பன இரண்டு. ஒன்று வத்திக்கான் நூல்நிலையத்தில் உள்ளது. மற்றொன்று, சீனாய் மடத்தில் டிஷெண்டார்ப் என்னும் ஜெர்மானியப் புலவரால் 1844-இலும் 1859-இலும் கண்டெடுக்கப்பட்டது. அதன் பெரும்பகுதி 1933-இல் சோவியத் அரசினரிடமிருந்து 1,00,000 பவுனுக்கு வாங்கப்பெற்று இன்று லண்டனில் இருக்கின்றது. இரண்டும் கி. பி. 4-ஆம் நூற்றாண்டின. இரண்டிலும் அப்பன்னிரண்டு வசனங்கள் இல்லை. கல்லறையினின்று ஓடிய பெண்கள் அச்சத்தால் ஒருவரிடமும் ஒன்றுங் கூறவில்லை என்னும் 8-ஆம் வசனத்தோடு நூல் நின்றுவிடுகின்றது. அந்நூற்றாண்டில் வாழ்ந்த சபைச் சரித்திர ஆசிரியர் யூசேபியுவும், திருத்தமான பிரதிகள் அங்ஙனமே முடிவன என்று குறித்துள்ளார். மேலும், 1-ஆம் வசனத்திலேயே பெயர் கூறப்பட்ட மகதலேனா மரியாளை 9-ஆம் வசனம் புதிதாக அறிமுகஞ் செய்வதுபோலத் தொடங்குகின்றது. சொன்னடையும் வேறுபடுகின்றது.

மறுபக்கத்துச் சான்றையும் மறைத்தலாகாது. கி. பி. 180 அளவில் எழுதிய ஐரேனேயு என்னும் சபைப்பிதா, 19-ஆம் வசனத்தை மாற்குவின் வாக்காகவே எடுத்தாள்கின்றார். பிற்காலப் பிரதிகளுட் பெரும்பாலானவற்றிலும் இப்பகுதி உண்டு. ஆதலின் இது மிகத் தொன்மையான பகுதி என்பதில் ஐயமில்லை. மாற்குவே எழுதியதா என்பதே வினா. அன்றென்பது இக்கால அறிஞருட் பெரும்பாலோர் துணிபு. மாற்கு 8-ஆம் வசனத்தோடு கருதியே நிறுத்தினாரா, இறுதித்தாள் சிதைந்துபோயிற்றா என்பதில் அவர்கள் வேறுபடுகின்றனர். முதற்பத்தும் இறுதிப்பத்தும் இழந்து நிற்கும் பதிற்றுப்பத்தைப் பயின்ற நமக்கு, நூலின் ஓரங்கள் முற்பட அழிதல் வியப்பன்று.

எப்பாடம் மூலமென்று தெளிதற்குப் பெங்கல் என்னும் இறைநூற் புலவர் 1734-இல் ஒரு விதி வகுத்தார்: எளிய பாடத்தினும் அரிய பாடமே மூலமாதற்குரியது. அரியதை எளிதாக்குவார் உளர். எளியதை வேண்டுமென்றே அரிதாக்குவார் அரியர். அச்சத்தோடும் மௌனத்தோடும் நிற்கும் முடிவைக் கண்டு மனம் நிறைவுறாத ஒருவர் அதனை நிரப்பியிருத்தல் கூடும். நிறைவான முடிவை வெட்டியெறிந்து அச்சத்தில் நிறுத்தினார் ஒருவர் என்றல் எளிதிற் பொருந்தாது.

இது வெறும் ஏட்டுப் பூசலன்று. விசுவாசிகள் சர்ப்பங்களைக் கையிலெடுப்பர் என்பது 18-ஆம் வசனத்திற் காணப்படுவது. ஜார்ஜ் ஹென்ஸ்லி என்னும் அமெரிக்கப் போதகர் அதனைக் கட்டளையாகக் கொண்டு, ஏறத்தாழ 1910 முதல் அப்பலாச்சிய மலைநாட்டில் நச்சுப் பாம்புகளை ஏந்தி ஆராதிக்கும் வழக்கத்தைப் பரப்பினார். 1955-இற் பாம்பு கடித்தே இறந்தார். பிரதிகளின் நிலையை அறிந்திருப்பின் அவர் மனம் மாறியிருப்பாரென்று யாம் துணிந்து கூறோம். ஆயினும், ஒரு வசனத்தின்மேல் உயிரை வைக்குமுன் அதன் சான்று எத்தகையதென அறியும் உரிமை யாவர்க்கும் உண்டு.

எளிய விசுவாசிகளின் மனம் கலங்குமே என்று தடை கூறுவாருண்டு. அவர்தம் அன்பை யாம் மதிக்கின்றோம். எனினும் எது கலங்குகின்றது? உயிர்த்தெழுதலின் செய்தி அதே அதிகாரத்தின் 6-ஆம் வசனத்தில் ஐயத்துக்கிடமின்றி நிற்கின்றது. மாற்கு எழுதுதற்கு முன்னரே பவுல் கொரிந்தியர்க்கு எழுதிய முதல் நிருபம் அதற்குச் சான்று பகர்கின்றது. சீஷரை அனுப்பியது மத்தேயுவிலும், பரமேறியது லூக்காவின் நூல்களிலும் உள. எழுதினவர் யார் என்பது ஒரு வினா; திருச்சபை அதனை மறைநூலாக ஏற்றதா என்பது மற்றொரு வினா. முன்னதற்கு அன்றென்று விடை கூறினோர், பின்னதற்கு ஆமென்று கூறுதற்குத் தடையில்லை. இதனை நண்பரிடமிருந்து கல்லூரியிற் கேளாத இளைஞன், பிறகொருநாள் எள்ளுவார் வாயிற் கேட்பான். அப்போது அப்பன்னிரண்டு வசனங்களோடு தன்னிடம் அதனை மறைத்தோரையும் அவன் ஐயுறுவான்.

பாட ஆராய்ச்சிக்கும் எல்லையுண்டு. கம்பன் பாட்டில் தமக்குச் சுவைக்காதவற்றையெல்லாம் இடைச்செருகல் என்று தள்ளுதல் எங்ஙனம் ஆராய்ச்சியாகாதோ, அங்ஙனமே தமக்கு உவப்பில்லாத வசனத்தைப் பிற்சேர்க்கை என்று விலக்குதலும் ஆகாது. பிரதிகளின் சான்றே முதலில் வேண்டும்.

ஆதலின் நாம் வேண்டுவன இரண்டு. நம் கல்லூரி வேதபாட வகுப்பில், ஆண்டில் ஒரு வாரமேனும் பிரதிகளின் வரலாறு கற்பிக்கப்படுதல் வேண்டும். மொழிபெயர்ப்புக்கள் சிலவற்றில் இப்பகுதிக்குக் குறிப்புண்டு; நம் ஆலயங்களிற் பெரிதும் வாசிக்கப்படும் பழைய மொழிபெயர்ப்பை அச்சிடுவோரும் ஓர் அடிக்குறிப்புச் சேர்த்தல் வேண்டும். வசனங்களை நீக்குமாறு யாம் கூறவில்லை. அவற்றின் வரலாற்றை அருகில் எழுதுமாறே வேண்டுகின்றோம். சங்கச் செய்யுட்குக் காட்டும் நேர்மையை மறைநூற்கும் காட்டுதல் தமிழ் மாணவராகிய நம் கடமையாம்.