கைக்கு வேலை, கருத்துக்குப் பூட்டா?

தொழிற்கல்வி தேவை என்ற முழக்கம் நாலா பக்கமும் எழுகிறது. கிராமப் பள்ளியிலே தொழில் கற்றுக்கொடு, ஆறாம் வகுப்பிலேயே ஆரம்பி, சமுதாயக் கல்லூரி திற, சில மாதங்களில் சான்றிதழ் வழங்கு, கையிலே ஒரு வேலையைக் கொடு என்று அறிவுரைகள் குவிகின்றன. நாம் மறுக்கவில்லை. உழைப்பை இழிவென்று கருதும் கூட்டத்தைச் சேர்ந்தவர்களல்லர் நாம். உழைப்பவனைத் தாழ்ந்தவன் என்றும், உட்கார்ந்து உண்பவனை உயர்ந்தவன் என்றும் எழுதிவைத்த ஏடுகளைத்தானே இத்தனை காலமாக எதிர்த்து வருகிறோம்! ஆனால், மூன்று கேள்விகளுக்கு விடை பெறாமல் இந்த முழக்கத்துக்குத் தலையாட்ட நாம் ஆயத்தமாக இல்லை. எந்தத் தொழில்? யார் வீட்டுப் பிள்ளைக்கு? எந்தப் படிவரையில்?

இந்தக் கேள்விகளை நாம் வானத்தைப் பார்த்துக் கேட்கவில்லை. பாலாற்றங்கரையைப் பார்த்துக் கேட்கிறோம். ராணிப்பேட்டை, மேல்விசாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி! இந்த ஊர்களிலே பதனிடப்படும் தோலும், தைக்கப்படும் காலணியும் கடல் கடந்து செல்கின்றன. ஐரோப்பியக் கடைவீதிகளில் கண்ணாடிப் பேழைக்குள் அவை மின்னுகின்றன. அந்தத் தோலை உப்பு நீங்க ஊறவைத்து, சுண்ணாம்பிட்டு, மயிர் நீக்கி, சதை நீக்கிய கைகள் யாருடையவை? பெரும்பாலும் சேரிகளிலிருந்து வந்த கைகள். காலணி ஆலைகளில் தையற்பொறியின் முன் வரிசை வரிசையாக அமர்ந்திருப்போர் யார்? பெரும்பாலும் பெண்கள். வீட்டுத் திண்ணையிலே காலணியின் மேற்பாகத்தை ஊசியும் நூலும் கொண்டு தைத்து, ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி பெறுவோரும் பெண்களே. தொழிற்கல்வி பற்றிப் பேசுவோர் முதலில் இவர்கள் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றிப் பேசட்டும்!

பழைய கதை ஒன்றை நினைவூட்டுவது நம் கடமை. 1953-ஆம் ஆண்டு, சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்த ராஜகோபாலாச்சாரியார், கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் பாட நேரத்தை நாளொன்றுக்கு மூன்று மணியாகக் குறைத்தார். மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும் என்றார். பணமில்லை, ஆசிரியரில்லை, இரண்டு வேளையாகப் பிரித்தால் அதிகப் பிள்ளைகள் படிக்கலாம் என்று காரணம் காட்டப்பட்டது. காரணம் கேட்க இனிப்பாகத்தான் இருந்தது. ஆனால் விளைவு என்ன? வழக்கறிஞர் மகன் நகரத்திலே முழு நேரமும் படிப்பான். தச்சர் மகன் உளியைத் தேடிப் போவான். தோல் பதனிடுவோன் மகன் சுண்ணாம்புக் குழியைத் தேடிப் போவான். வருணாசிரமத்துக்கு அரசாங்க முத்திரை! பெரியாரும் அண்ணாவும் அதற்குக் குலக்கல்வி என்று சரியான பெயரைச் சூட்டினர். நாடு கொதித்தது. 1954 ஏப்ரலில் காமராசர் முதலமைச்சரானார், மே மாதத்தில் திட்டம் கைவிடப்பட்டது.

"எழுபது ஆண்டுக்கு முந்திய கதை இது, இன்னுமா பேசுகிறீர்கள்?" என்று கேட்போர் உண்டு. கதை முடிந்திருந்தால் நாமும் பேசமாட்டோம். 2016-ஆம் ஆண்டில் குழந்தைத் தொழிலாளர் சட்டம் திருத்தப்பட்டது. பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளை வேலைக்கு வைக்கக் கூடாது என்று முன்கதவை மூடிவிட்டு, பள்ளி நேரம் போக, அபாயமற்ற குடும்பத் தொழிலில் அவர்கள் உதவலாம் என்று பின்கதவைத் திறந்து வைத்தது அந்தத் திருத்தம். திண்ணையிலே தாய் தைக்கும் காலணி குடும்பத் தொழில் அல்லவா? பள்ளி விட்டு வந்த சிறுமியின் கையில் ஊசி ஏறினால் தட்டிக் கேட்பவர் யார்?

2020-இல் வந்தது தேசியக் கல்விக் கொள்கை. ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்புக்குள் தச்சு, மின்வேலை, உலோக வேலை, தோட்டவேலை, மண்பாண்டம் போன்றவற்றில் கைப்பழக்கம் தரவேண்டும், பத்து நாள் புத்தகப் பையின்றி உள்ளூர்த் தொழில் வல்லுநரிடம் பயில வேண்டும் என்றது. நகரத்துப் பிள்ளைக்கு அது பத்து நாள் விளையாட்டு. தோற்கூடத்துக்கு அருகிலுள்ள சேரிப் பிள்ளைக்கு உள்ளூர் வல்லுநர் யார்? அவனுடைய தகப்பன்தானே! புதிதாக அவன் எதைக் கண்டான்?

2023 செப்டம்பரில் விசுவகர்மாத் திட்டம் தொடங்கப்பட்டது. பதினெட்டுக் கைத்தொழில்கள்; செருப்புத் தைப்பதும் அவற்றிலே ஒன்று. குடும்ப வழியாக வரும் தொழில் என்ற நிபந்தனையை நீக்குங்கள் என்று தமிழ்நாடு அரசு கேட்டது. இந்த வடிவத்தில் ஏற்க இயலாது என்று 2024 நவம்பரில் மறுத்தது. சாதி பாராமல் எவரும் சேரத்தக்க கலைஞர் கைவினைத் திட்டத்தை 2025 ஏப்ரலில் தொடங்கியது. மறுத்தது சரியே. ஆனால் மறுப்பது பாதி வேலை. மாற்றை நடத்திக் காட்டுவது மறுபாதி. அந்த மறுபாதியைப் பற்றித்தான் இனிப் பேசவேண்டும்.

தோல் தொழில் பிறவியால் வருவது என்று எண்ணுவோரே, கேளுங்கள்! குண்டூர் மாவட்டத்து உழவர் குடும்பத்திலே 1922-இல் பிறந்தவர் நாயுடம்மா. சென்னைக்கு வந்து தோல் தொழில்நுட்பம் கற்றார், அமெரிக்கா சென்று ஆராய்ந்தார், 1958-இல் அடையாற்றிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநரானார், உலகமே மதித்த தோல் விஞ்ஞானியாக விளங்கினார். எந்தக் குலத்தொழில் அவருக்கு அதைக் கொடுத்தது? ஏர் பிடித்த குடும்பத்துப் பிள்ளைக்குத் தோலின் நுட்பம் கைவந்தது என்றால், தோல் குழியில் நிற்பவன் பிள்ளைக்கு வானநூலும் மருத்துவமும் ஏன் கைவராது? கல்வி கொடுத்தால் கைவரும். இதை மறைப்பதற்குத்தான் பிறவி, பரம்பரை, கைராசி என்று ஆயிரம் கதைகள்!

தோலைப் பதனிடுவது வெறும் கைப்பழக்கம் என்று நினைப்பதும் அறியாமை. அது வேதியியல். மயிர் நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்க்கிறார்கள். அந்தக் கழிவோடு அமிலம் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு எனும் நச்சு வாயு எழும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் வீசும். வாயு மிகுந்தால் மூக்கின் உணர்ச்சியே மரத்துப் போகும். நாற்றம் நின்றது, ஆபத்து நீங்கிற்று என்று எண்ணித் தொட்டிக்குள் இறங்கும் தொழிலாளி மேலே வருவதில்லை. அவனைக் கொன்றது விதியா? தலையெழுத்தா? இல்லை, தோழர்களே! ஒன்பதாம் வகுப்பு வேதியியலை ஒழுங்காகச் சொல்லித்தராத சமுதாயமும், காற்றுக் கருவியும் முகமூடியும் வாங்கிவைக்காத முதலாளித்துவமும் சேர்ந்து கொன்றன. குரோமியத்திலும் அப்படியே. மூவிணைதிறன் குரோமியம் தோலைப் பதனிடுகிறது. ஆறிணைதிறன் குரோமியம் உடலைக் கெடுக்கிறது. இந்த வேற்றுமையை அறிய வேண்டியவன் ஆய்வுக்கூடத்து அதிகாரி மட்டுமா? அதில் கை நனைப்பவனல்லவா முதலில் அறிய வேண்டும்!

சென்னையில் தோல் தொழிற்பள்ளி தோன்றிய ஆண்டு 1915. சரியாக நூறு ஆண்டு கழித்து, 2015 ஜனவரி 31-ஆம் நாள், ராணிப்பேட்டையில் என்ன நடந்தது? தோல் கழிவுச் சகதியைத் தேக்கிய தொட்டியின் சுவர் இடிந்தது. அருகிலிருந்த தோல் ஆலையில் உறங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் சகதியில் மூழ்கி மாண்டனர். அவர்களிற் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். நூறு ஆண்டுக் கல்வி, குழிக்கு அருகிலே படுத்துறங்கியவனிடம் வந்து சேரவில்லை! 1996 ஆகஸ்டிலேயே உச்சநீதிமன்றம் வேலூர்க் குடிமக்கள் நல மன்ற வழக்கில், மாசு செய்தவனே ஈடு தரவேண்டும் என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பின் பொருளைத் தமிழிலே, தொழிலாளியின் பிள்ளைக்கு, பள்ளியிலே பாடமாகச் சொல்லியிருந்தால் எத்தனை கேள்விகள் எழுந்திருக்கும்!

இதோ நம் குற்றச்சாட்டு: அறிவு அடையாற்றிலே, சகதி பாலாற்றிலே! மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் 1948 முதல் சென்னையில் இருக்கிறது. தோல் தொழில்நுட்பப் பட்டப்படிப்பு கிண்டியிலுள்ள அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியில் இருக்கிறது. ஆம்பூருக்கும் சென்னைக்கும் இடையே ஏறத்தாழ 180 கிலோமீட்டர். இரயிலுக்கு அது சில மணி நேரம். தோல் தொழிலாளியின் மகளுக்கோ தலைமுறைக் கணக்கு!

"கிராமத்துக்கும் தொழிற்கல்வி வந்ததே!" என்பார்கள். வந்தது. 1978-இல் மேல்நிலைக் கல்வி தொடங்கியபோதே தொழிற்பிரிவும் தொடங்கப்பட்டது. நல்ல நோக்கம். நடந்தது என்ன? மதிப்பெண் குறைந்த பிள்ளையை ஒதுக்கும் மூலையாக அது ஆக்கப்பட்டது. பகுதிநேர ஆசிரியர், பழைய கருவி, பூட்டிய பட்டறை. ஆசிரியர் ஓய்வு பெற்றால் பாடமும் ஓய்வு பெற்றது! கணக்கும் அறிவியலும் வராதவனுக்குத் தொழில் என்றால், தொழிலுக்குக் கணக்கும் அறிவியலும் வேண்டாமா?

சமுதாயக் கல்லூரியும் அப்படியே. சென்னையில் 1996-இல் முதல் சமுதாயக் கல்லூரி தோன்றியபோது, இடையில் படிப்பை விட்டவனுக்கும், கல்லூரி வாசலை மிதிக்காதவளுக்கும் கதவு திறக்க வேண்டும் என்பதே எண்ணம். அந்த எண்ணத்தை நாம் போற்றுகிறோம். ஆனால் அந்தக் கதவு ஒரே அறைக்குள் கொண்டுபோய் விட்டு மூடிக்கொண்டால்? ஆறு மாதம் தையற்பொறி பழகிய பெண், அறுபது வயதுவரை அதே தையற்பொறியின் முன் அமர்ந்திருந்தால், அது கல்லூரியா? ஆள் பிடிக்கும் அலுவலகமா?

2022-இல் காலணி, தோல் பொருட்களுக்கென்று மாநில அரசு தனிக் கொள்கை வெளியிட்டது. புதிய ஆலைகள் வருகின்றன. வரட்டும்! வரவேற்கிறோம். ஆனால் கேட்கிறோம்: வடிவமைப்பாளர் நாற்காலியில் யார்? ஆய்வுக்கூடத்தில் யார்? வரிசையில் நின்று பசை தடவுபவர் யார்? இந்த மண்ணின் மக்கள் மூன்றாவது இடத்துக்கு மட்டுமே என்றால், அது தொழில் வளர்ச்சி. சமுதாய வளர்ச்சி அன்று.

நம்மவர்களிலும் சிலரிடம் ஒரு கோளாறு உண்டு. மேடையிலே குலக்கல்வியைக் கண்டிப்பார்கள். வீட்டிலே, "படிக்காவிட்டால் செருப்புத் தைக்கத்தான் போவாய்" என்று பிள்ளையை மிரட்டுவார்கள். அந்த ஒரு சொல்லிலே மனு உட்கார்ந்து சிரிக்கிறான்! 1967 முதல் இந்த நாட்டை ஆண்டவர்கள் திராவிட இயக்கத்தின் பெயரைச் சொல்லி ஆண்டவர்களே. தொழிற்பிரிவு நலிந்த பழியை டில்லியின் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது.

ஆகவே நாம் வற்புறுத்துவன இவை. பத்தாம் வகுப்புவரை எல்லாப் பிள்ளைக்கும் ஒரே முழுமையான பொதுக்கல்வி. தொழில் அதன் மேலே வரட்டும், அதற்குப் பதிலாக வரவேண்டாம். தொழிற்பிரிவுக்கு நிரந்தர ஆசிரியர், இயங்கும் கருவி, திறந்திருக்கும் ஆய்வுக்கூடம். தோல் வட்டாரத்துப் பாடத்திலே தோல் வேதியியல், இயந்திரப் பராமரிப்பு, வடிவமைப்பு, விலைக்கணக்கு, தொழிலாளர் சட்டம், உயிர்ப்பாதுகாப்பு ஆகிய யாவும் தமிழில். பயிற்சி என்ற பெயரால் இலவச உழைப்பு வாங்காதே. 1961-இன் தொழிற்பழகுநர் சட்டம் உதவித்தொகை கொடு என்கிறது, கொடு! ஒவ்வொரு சான்றிதழும் அடுத்த படிக்கு ஏற்றும் ஏணியாகட்டும். டிப்ளமா பெற்றவர் பொறியியல் இரண்டாம் ஆண்டில் நேரே சேர வழி இருக்கிறது. அந்த வழி சமுதாயக் கல்லூரியின் வாசலிலிருந்தே தொடங்கட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, எந்தச் சாதிப் பிள்ளையும் எந்தத் தொழிலையும் தேர்ந்தெடுக்கட்டும்.

ஒரு திட்டம் தொழிற்கல்வியா, குலக்கல்வியா என்று அறிய உரைகல் ஒன்று போதும்: திட்டத்தைத் தீட்டிய அதிகாரி அதில் தம் பிள்ளையைச் சேர்ப்பாரா? சேர்ப்பார் என்றால் அது கல்வி. சேர்க்கமாட்டார் என்றால் அது ஏழைக்கென்று தனியே வார்த்த விலங்கு.

இளைஞர்களே! கூட்டம் போட்டுக் கைதட்டிக் கலைந்தால் போதாது. உங்கள் ஊர் மேல்நிலைப் பள்ளியில் தொழிற்பிரிவு இருக்கிறதா, மூடப்பட்டதா என்று சென்று பாருங்கள். மூடப்பட்டிருந்தால் ஏன் என்று கேளுங்கள். அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் உயர்கல்வி பெற மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022-இல் தொடங்கியது. தொழிற்பயிற்சி நிலையத்துக்கும் டிப்ளமாவுக்கும் அது பொருந்தும் என்பதைத் திண்ணையில் தைக்கும் தாய்மாரிடம் சொல்லுங்கள். படிப்பகங்களில் மாலை நேரத்தில் வேதியியல் நடத்துங்கள். 1954-இல் ஒரு திட்டத்தை வீழ்த்தினோம். அந்தத் திட்டம் குடியிருந்த மனத்தை இன்னும் வீழ்த்தவில்லை. தோல் தொழிலாளியின் மகள் ஆய்வுக்கூடத்திலே அமர்ந்து, தன் தந்தை நின்ற குழியின் நஞ்சை அளந்து, இதில் மனிதன் இறங்கக்கூடாது என்று ஆணை எழுதும் நாள் வரவேண்டும். அந்நாளை வரவழைப்பதே நம் வேலை!